ரேஷன்காரர் மேல் கட்டிய மீசை

எனக்குப் பிடித்த பைக் ரேஸ் ரைடரை “முடிஞ்சு போன ஆளு” என்று ஒரு மனிதர் சொன்னார். சொன்ன இடம் என் வீடு. அவர் உட்கார்ந்திருந்தது என் நாற்காலி. கையில் இருந்தது என் மனைவி கிண்டிய கேசரி. என்ன செய்வது, என் மகளைத் தன் மகனுக்குக் கேட்டு வந்தவர் அவர். பெண்ணைப் பெற்றவன் அப்படிப்பட்ட நேரத்தில் “ஆமாங்க, ஆமாங்க” என்று தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி கேசரி வைக்க வேண்டும். நான் எழுந்து நின்று கத்தினேன்.

எனக்கு வாய் அப்படி. செஞ்சி நெல் கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், ஒரு வியாபாரியிடம் இருபத்தைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். விவசாயிகள் கொண்டுவந்து கொட்டிய நெல்லில் ஒரு பிடி அள்ளி, நாலு மணியைப் பல்லில் வைத்துக் கடித்து, காய்ந்ததா, ஈரமா, அரைத்தால் அரிசி உடையுமா என்று அங்கேயே சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றால் அடுத்த குவியலுக்கு ஆள் போய்விடுவான். பார்த்தவுடன் அபிப்பிராயம் சொல்லிச் சொல்லியே பிழைத்தவன் நான். சொன்னதை மாற்றிக்கொள்ளும் பழக்கமும் கிடையாது.

பைக் ரேஸ் பைத்தியம் பிடித்தது கால் முறிந்தபோது. திருவண்ணாமலை ரோட்டில் ஒரு ஆட்டோக்காரன் இடித்து, மூன்று மாதம் கட்டிலோடு கிடந்தேன். டிவியில் சேனல் மாற்றிக்கொண்டே போனபோது ஒரு வளைவில் ஒரு ஆள் வண்டியோடு விழுந்து, மண்ணில் ஏழெட்டு உருளல் உருண்டான். போய்ச் சேர்ந்தான் பாவம் என்று நினைத்தேன். அந்த ஆள் எழுந்தான், ஓடினான், வண்டியைத் தூக்கி நிறுத்தினான், வளைந்துபோன ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே மிச்ச ரேஸையும் ஓட்டிக் கடைசி ஆளாக வந்து சேர்ந்தான். மாவுக்கட்டுப் போட்ட காலோடு நான் கைதட்டினேன். அன்றிலிருந்து ஒரு ரேஸ் விட்டதில்லை.

ரைடர்களின் பெயர்கள் எங்கள் ஊர் வாயில் நுழையாது. கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்குத் திங்கட்கிழமை காலையில் கதை சொல்ல வேண்டுமே, அதனால் நானே பெயர் வைத்துவிட்டேன். ஒருவன் பூனை, பின்னாலேயே வருவான், வருவது யாருக்கும் தெரியாது. நல்ல கை, ஆனால் நெஞ்சில் தைரியம் கால் படிதான். ஒருவன் அழுமூஞ்சி, தோற்றால் டயர் சரியில்லை, காற்று சரியில்லை, ஜெயித்தால் மட்டும் எல்லாம் அவன் திறமை. ஒருவன் காளை, வயசு இருபத்தொன்று, பிரேக்கைக் கடைசி நொடிவரை தொடமாட்டான், பின் சக்கரம் தரையில் இருப்பதே அபூர்வம். இவனுக்குத்தான் இப்போது உலகமெங்கும் ரசிகர் கும்பல். அப்புறம் அன்று விழுந்து எழுந்த என் ஆள், ரேஷன்காரர். முப்பத்தைந்து தாண்டிவிட்டது. ரேஷன் அரிசியை மாதக் கடைசிவரை இழுக்கும் குடும்பம் மாதிரி டயரை அளந்து அளந்து செலவு செய்வார். முதல் பாதியில் ஆறாவது, ஏழாவது என்று வருவார். மற்றவர்களின் டயர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் தன் கணக்கை எடுப்பார்.

அவர் ஜெயித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. உண்மைதான், மறைக்கவில்லை. வண்டி மாற்றினார், புது வண்டியின் முன் சக்கரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை, வளைவுக்குள் போகும்போது தோள் விறைத்தபடியே இருந்தது. ஆனால் போன மூன்று ரேஸாக அந்தத் தோள் இறங்கியிருந்தது. முழங்கை தளர்ந்திருந்தது. கடைசி ஐந்து சுற்றுகளில் அவர்தான் எல்லாரையும்விட வேகம். எட்டாவதாக வந்தவரின் கடைசி ஐந்து சுற்றை எவன் பார்க்கிறான்? நான் பார்த்தேன். பழுத்துக் கொண்டிருக்கிறார், இன்னும் ஒன்றிரண்டு ரேஸ்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஊர் மண்டகப்பட்டு. மாப்பிள்ளையின் அப்பா செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே பஸ் ஓட்டுகிறவர். மீசை என்றால் அது மீசை. இரண்டு பக்கமும் முறுக்கி, நுனி காதை விசாரிக்கப் போகும். என்னுடையது அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் ஊரில் நாலு பேர் மதிக்கிற மீசைதான். பெண்ணும் பையனும் ஏற்கெனவே பேசிப் பிடித்துப்போயிருந்தது. அன்றைக்கு நாள் குறித்தார்கள்: பத்து நாள் கழித்து வரும் புதன்கிழமை நிச்சயதார்த்தம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அப்போதுதான் அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

“இன்னாங்க இது, ஞாயித்துக்கெழமையா பாத்து வட்டம் போட்டு வச்சிருக்கீங்க? விரதமா?”

“ரேஸுங்க. பைக் ரேஸு.”

அவர் தட்டைக் கீழே வைத்தார். “அட! உலக ரேஸா? நான் ஒண்ணு உடறதில்லீங்க! டூட்டிய மாத்திக்கினு பாப்பேன்!”

என் மனைவி சிரித்துக்கொண்டே, “பத்துக்கு எட்டுப் பொருத்தம்னாரு ஜோசியரு, இத சொல்லவே இல்லியே” என்றாள். நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டோம். ஐந்து நிமிஷம் கூடப்பிறந்தவர்கள் மாதிரி பேசினோம். நான் வைத்த பெயர்களை அவரும் உடனே பிடித்துக்கொண்டார். பூனையைத் திட்டினோம், அழுமூஞ்சியைக் கிண்டல் செய்தோம். பிறகு அவர், “உங்க ஆளு யாரு?” என்று கேட்டார். சொன்னேன்.

“அந்தக் கெழவனா? அவரு முடிஞ்சு போன ஆளுங்க.”

“கடசி அஞ்சு லாப்ப பாத்தீங்களா நீங்க?”

“எட்டாவதா வந்தவன் லாப்ப எதுக்குங்க பாக்கணும்? காளைய பாருங்க. பிரேக்க கடசி செகண்டுல புடிக்கிறான் பாருங்க, அவன்தான் டிரைவரு. மத்தவனுங்கல்லாம் பேசஞ்சரு.”

“அதனாலதான் மாசத்துக்கு ஒரு தபா மண்ணுல உருள்றான்!”

“உருண்டாலும் ஆம்பள மாதிரி உருள்றான்! உங்க ஆளு டயர பத்திரமா வூட்டுக்கு எடுத்துக்கினு போயி இன்னா, ஊஞ்சல் கட்டப் போறாரா?”

அவ்வளவுதான். கண் மண் தெரியவில்லை எனக்கு. “வர்ற ஞாயித்துக்கெழம ரேஸ்ல எங்க ஆளு மொதல்ல வரலேன்னா பாதி மீசைய எடுத்துக்கிறேன்! பாதி மீசையோட வந்து புதன்கெழம தட்டு மாத்துறேன்!” என்றேன்.

அவரும் எழுந்துவிட்டார். “வந்துட்டாருன்னா நான் எடுத்துக்கிறேன்யா! பாதி மீசையோட நான் வந்து நிக்கிறேன்!”

தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறார்கள்! ஒரு மீசையாவது விழுந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? ஆனால் இது கள்ளுக்கடையில் சொன்னதில்லை. வெற்றிலைப் பாக்கும் மஞ்சளும் தட்டில் இருக்க, இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கச் சொன்னது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் இருந்து என் மகள், “நைனா!” என்றாள். அந்த ஒரு சொல்லில் முழு ஏச்சும் இருந்தது.

அவர்கள் போன பிறகு என் மனைவி விளக்குமாற்றை எடுத்தாள். கூட்டத்தான், ஆனாலும் பயமாக இருந்தது. “பொண்ணு நிச்சயத்த கொண்டுபோயி எவனோ ஒருத்தன் பைக்கு மேல வச்சிட்டீங்களே, உங்களுக்கு இன்னா புத்தி இருக்குதா?” என்றாள். நான், “அதெல்லாம் விளையாட்டுக்கு. அவரே மறந்துடுவாரு” என்றேன். மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“நான் போயி வாழப்போற வூடு நைனா அது. பாதி மீசையோட நீ நின்னா ஊரே சிரிக்கும். எடுக்காம நின்னா, இவங்கப்பன் பேச்சு காத்துல போற பேச்சுன்னு அவங்க நெனப்பாங்க. அப்பறம் அங்க எனக்கு இன்னா மரியாத?”

இரண்டு பக்கமும் அடி. ரேஷன்காரர் ஜெயிக்க வேண்டும், வேறு வழியே கிடையாது.

வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தைக் கமிட்டியில் மூட்டை மேல் உட்கார்ந்து போனில் பார்த்தேன். மலைச்சரிவில் இருக்கும் டிராக். இறக்கத்தில் நீளமான வலது வளைவுகள். அங்கே நல்ல வெயில். எனக்கு வாயெல்லாம் பல். வெயில் என்றால் டயர் தேயும். தேய்ந்தால் என் ஆள் ராஜா. காளை ஒரே ஒரு சுற்று மின்னல் மாதிரி ஓட்டிவிட்டு முதல் இடத்தில் பெயரைப் போட்டுக்கொண்டான். ரேஷன்காரர் பழைய டயரில் விடாமல் பதினைந்து சுற்று ஓட்டினார், பத்தாவது இடம். பழைய டயரில்! மூட்டை தூக்குகிறவர்களிடம் சொன்னேன்: “நெல்லு காஞ்சிடுச்சுடா. கடிச்சுப் பாத்துட்டேன்.”

சனிக்கிழமை வந்தது வினை. இந்த ரேஸில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை பாதி தூரத்துக்கு ஒரு சின்ன ரேஸ், ஞாயிற்றுக்கிழமை முழு தூரத்துக்குப் பெரிய ரேஸ். பாதி தூரத்தில் டயர் தேயவே தேயாது. மிச்சம் பிடிப்பவருக்கு அங்கே என்ன வேலை? காளை முதல் வளைவிலேயே பிய்த்துக்கொண்டு போய் ஜெயித்தான். ரேஷன்காரர் எட்டு. கொடி ஆடி முடிக்கவில்லை, போன் அடித்தது.

“சம்பந்தி, பிளேடு வாங்கியாச்சா? இல்ல, வரும்போது நான் வாங்கியாரட்டுமா?”

“அது சின்ன ரேஸுங்க! பெரிய ரேஸு நாளைக்குத்தான்!”

“ரேஸுன்னா ரேஸுதான். டவுன் பஸ்ஸுல ஏறினாலும் டிக்கெட்டு டிக்கெட்டுதான.”

“டவுன் பஸ்ஸுல ஏறிக்கினு மெட்ராஸ் போவீங்களா நீங்க?”

கத்தினேன், அவரும் கத்தினார். என் மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். நிச்சயம் இன்றைக்கே முறிந்தது என்று எனக்கே தோன்றியது. அப்போது அவர் பக்கத்தில் இருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது: “நைனா, நீ சும்மா இரு. ஞாயித்துக்கெழம ரேஸுன்னுதான அவரு சொன்னாரு. நான் அங்கதான இருந்தேன்.”

பிறகு அவர், “சரி. பையன் சொல்றான். நாளைக்கே பாத்துக்கலாம்” என்று வைத்துவிட்டார். பெற்ற அப்பனுக்கு எதிராக நியாயம் சொன்ன பையன்! நான் மகளைப் பார்த்தேன். அவள் முகம் சிவந்துபோய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்கு ரேஸ். மலையனூர் அம்மாவுக்கு மனசுக்குள் ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு சுற்றுகூடப் பார்க்காத என் மனைவி, அன்று கரண்டியோடு வந்து பின்னால் நின்றாள். காளை முதல் ஆள். பின்னால் பூனை, அழுமூஞ்சி. ரேஷன்காரர் ஏழாவது. ஐந்து சுற்று போனது, ஏழாவது. எட்டு சுற்று போனது, ஏழாவது.

“இன்னாங்க உங்க ரேஷன்காரரு இன்னும் கியூவுலயே நிக்கிறாரு?” என்றாள்.

“நிப்பாரு. கம்முனு இரு.”

பத்தாவது சுற்றில், டயர் தேய்ந்து ஆறாவது இடத்துக்கு இறங்கியிருந்த அழுமூஞ்சி ஒரு வளைவில் அகலமாகப் போனான். ரேஷன்காரர் உள்ளே நுழைந்தார். ஆறு. காளையின் பின் சக்கரம் வளைவை விட்டு வெளியே வரும்போதெல்லாம் வாலாட்ட ஆரம்பித்தது. “தேயுதுடி! தேயுது, பாரு!” என்று நான் குதித்தேன். ஐந்து. நாலு. மூன்று. என் ஆளின் வண்டி தண்டவாளத்தில் ஓடுவதுபோல ஓடியது. பிரேக்கைச் சீக்கிரம் பிடித்தார், சீக்கிரம் விட்டார், வளைவில் உருட்டிக்கொண்டே போய் மற்றவர்கள் தடுமாறும் இடத்தில் ஆக்ஸிலேட்டரைத் திறந்தார். இதைத்தானே நான் மூன்று ரேஸாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்! மூன்று சுற்று பாக்கி இருக்கும்போது பூனையைத் தாண்டினார். பூனை எதிர்க்கவே இல்லை. கால் படி தைரியம் என்று சொன்னேன் அல்லவா?

கடைசிச் சுற்று. காளை முன்னால், என் ஆள் அவன் புகைக்குழாய்க்குப் பக்கத்தில். இறக்கத்தில் காளை உயிரைக் கொடுத்து பிரேக் பிடித்தான். பயல் சும்மா சொல்லக்கூடாது, தேய்ந்துபோன டயரில் அப்படிப் பிடிக்க இன்னொருத்தன் பிறந்து வர வேண்டும். ஆனால் வண்டி அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு முழம் அகலமாகப் போனது. அந்த ஒரு முழத்தில் ரேஷன்காரர் வண்டியை வைத்தார். ஒன்றரை வருடம் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரே வளைவில் செலவழித்தார்.

கொடி ஆடியது. நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. என் மனைவி கத்தியது மட்டும் தெரியும்: “குடுத்துட்டாருடி! வட்டியோட குடுத்துட்டாரு!” என்று கரண்டியால் நாற்காலியை அடித்தாள். மகள் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதிர்வீட்டுக்காரர் இந்தியா ஜெயித்துவிட்டதா என்று கேட்டு வந்தார். “செஞ்சி ஜெயிச்சிடுச்சுங்க!” என்று அவர் வாயில் வெல்லத்தைப் போட்டேன். அன்று கடைவீதியில் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு காரணமும் இல்லாமல் நடந்தேன், மீசையைத் தடவிக்கொண்டே. முடிந்துபோன ஆளாம்! யாரைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?

சம்பந்தி போன் செய்யவில்லை. ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. என் மனைவிக்கு பயம் வந்துவிட்டது. “ஜெயிச்சது போதும். மனுஷன் மனசு நொந்துடப் போறாரு, நீங்களே பேசுங்க” என்றாள். செவ்வாய்க்கிழமை நான் கூப்பிட்டேன். எனக்குப் பெருந்தன்மை பொங்கி வழிந்தது.

“சம்பந்தி, அத உட்டுடுங்க. விளையாட்டுக்குச் சொன்னதுதான.”

“விளையாட்டுக்குத்தாங்க. புதன்கெழம பாக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மண்டபம். மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. முதலில் பெண்கள் இறங்கினார்கள், தட்டுகள் இறங்கின, அப்புறம் அவர் இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பழத்தட்டு. வலது பக்கம் அதே முறுக்கு மீசை. இடது பக்கம் மழமழ என்று ஒன்றுமே இல்லை.

வாசலில் இருந்த ஒரு குழந்தை வாய்விட்டுச் சிரித்தது. அவர் தலையைக் குனியவில்லை, துண்டால் மறைக்கவில்லை. மண்டபத்தின் முழு நீளத்தையும் நடந்து என் முன்னால் வந்து நின்றார்.

“நல்லா பாத்துக்கோங்க. சரியா பாதி. விளையாட்டுல தோத்தா குடுக்கணும் இல்லியா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கடசி அஞ்சு லாப்ப பாத்தேங்க. இன்னாமா ஓட்டுறாருங்க மனுஷன்!” என்றார்.

அந்த நேரம் பார்த்து என் மகள், பெரியவர்கள் கூப்பிடும்வரை உள்ளே இருக்க வேண்டியவள், பட்டுப்புடவையோடு விறுவிறு என்று வந்து அவர் காலில் விழுந்தாள். என் காலில் விழுவதற்கு முன்பே அவர் காலில். “எந்திரும்மா, எந்திரு” என்று அவர் பதறினார். போட்டோக்காரர் அவரை மீசை இருக்கும் பக்கமாகத் திருப்பி நிறுத்தப் பார்த்தார். “அந்தப் பக்கத்தத்தான் இத்தன வருஷமா எல்லாரும் பாத்துட்டாங்களே, இந்தப் பக்கம் எடுப்பா” என்றார் சம்பந்தி. மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் கேலி துளியும் இல்லை. எல்லாரும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள்.

என் மனைவி என் காதருகே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “உங்க ஆளு ஜெயிச்சது ரொம்ப நல்லதாப் போச்சுங்க. தோத்திருந்தாருன்னா, இவரு எப்பேர்ப்பட்ட மனுஷன்னு நமக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“உங்களத்தான் எனக்குத் தெரியுமே. சனிக்கெழம வாங்கி, பீரோவுல வேட்டிக்கு அடியில வச்சிருந்தீங்களே மாஸ்க் பாக்கெட்டு, பாத்தேன். ஜலதோஷம்னு சொல்லலாம்னு இருந்தீங்களா?”

முழு மீசையோடு முன்னால் போய், பாதி மீசைக்காரரின் கையில் இருந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கினேன்.